ஏசி ரிமோட்டும் அம்மாவின் போர்வையும்

போன ஆண்டு கத்திரி வெயிலில் குமராட்சிக்குப் போயிருந்தேன். சிதம்பரத்தில் காட்டுமன்னார்கோயில் பேருந்தைப் பிடித்து, இறங்கி, வீடு வரை நடப்பதற்குள் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்து உள்ளறைக்குள் போனால் அம்மா கட்டிலில் சுருண்டு படுத்திருக்கிறாள். மார்கழியில் எடுக்கும் கம்பளிப் போர்வை கழுத்துவரை. தலையில் துண்டு. சுவரின் உச்சியில் தம்பி மாட்டிவிட்டுப் போன ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

“ஏம்மா இப்படிப் படுத்திருக்க?”

“குளுருது பாப்பா.”

“அப்ப ஏத்தி வையேன்.”

“எங்க ஏத்துறது? தம்பி வச்சிட்டுப் போனது. நாம கைய வச்சி எதுனா ஆயிடப்போவுது.”

ரிமோட் பீரோவின் மேல், வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறையோடு, கரண்டு அட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. திரையில் 18 என்றிருந்தது. மூன்று வாரமாக அது 18தான். ரொம்பக் குளிர்ந்தால் அம்மா சுவரில் இருக்கும் சுவிட்சை அணைப்பாள். புழுங்கினால் மறுபடி போடுவாள். மின்சாரம் நின்று வந்தால் பழைய அமைப்பிலேயே தானாகத் தொடங்கும் இயந்திரம் அது. ஆக, அம்மாவுக்கு இரண்டே பருவங்கள்தான் வாய்த்திருந்தன: கத்திரி வெயில் அல்லது 18.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அம்மா இயந்திரங்களுக்குப் பயந்தவள் இல்லை. அப்பா போன பிறகு நிலத்தைத் தனியாகப் பார்த்தவள். மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்கி, சத்தத்தை வைத்தே தண்ணீர் ஏறுகிறதா இல்லையா என்று சொல்லுவாள். எட்டாவது வரை படித்தவள். செய்தித்தாளைத் தேர்தல் விளம்பரம் உட்பட முழுவதும் படிப்பாள். ஏசி மாட்ட வந்தவர் ஐந்து நிமிடம் ரிமோட்டை விளக்கியிருக்கிறார். தம்பிக்கு. அவன் அன்றிரவே ஊருக்குக் கிளம்ப இருந்தவன். அந்த அறையில் தினமும் தூங்கப்போகிறவள் அந்த ஐந்து நிமிடமும் அடுக்களையில் வந்தவருக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி பாசத்தில் வாங்கித்தந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 18ஐப் பார்த்ததும் எனக்குப் பாட்டியின் நினைவுதான் வந்தது.

இதே கூடத்தில்தான் தாத்தா சாப்பிடுவார். பாட்டி பரிமாறிவிட்டுப் பனையோலை விசிறியோடு பக்கத்தில் உட்காருவாள். சாப்பிட்டு எழும்வரை கை நிற்காது. விசிறியைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்று எதிரில் இருப்பவருக்குத்தான் போகும். விசிறுகிறவளுக்கு மணிக்கட்டு வலிதான். பிறகு பாட்டி அடுப்பங்கரையில், அணைந்தும் அணையாத அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவளுக்கு யாரும் விசிறி நான் பார்த்ததில்லை. சின்னப் பெண்ணாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வகுப்பில் நெடுநல்வாடை நடத்தும்போது இது நினைவுக்கு வரும். நக்கீரர் காட்டும் கூதிர்காலத்து மாளிகையில் வட்ட விசிறிகள் வேலையின்றித் தொங்குகின்றன. சிலந்தி அவற்றில் நூல் கட்டியிருக்கிறது. மேல்மாடத்தில் தென்றல் வரும்படி அமைத்த வேனிற் பள்ளியின் சாளரங்கள் சாத்திக் கிடக்கின்றன. கோடைக்கென ஒரு படுக்கையறை, காற்றின் திசை பார்த்துக் கட்டியது! விசிறியைச் செய்த கைவினைஞனுக்கு அந்தப் பகுதியில் ஒரு சொல் இருக்கிறது. கோடை முழுக்க அதை ஆட்டிய கைக்கு இல்லை. மாணவிகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். “எங்க வீட்லயும் அப்படித்தான் மேம்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்.

வெள்ளையர் காலத்தில் அந்தக் கை சுவருக்கு வெளியே போயிற்று. உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய துணிச் சட்டம், அதிலிருந்து கப்பி வழியாக வராந்தாவுக்குப் போகும் கயிறு, அங்கே உட்கார்ந்து இழுக்கும் ஆள். இதுதான் பங்கா. கச்சேரி, மாதாகோயில், துரையின் படுக்கையறை எல்லாவற்றிலும் ஆடியது. இரவில் இழுப்பவர் கயிற்றைக் கால் விரலில் கட்டிக்கொண்டு படுத்தபடி இழுப்பதும் உண்டு. கண்ணயர்ந்து பங்கா நின்றால் உள்ளிருந்து அதட்டல் வரும், பிறகு பூட்ஸ் கால் வரும். அப்படி உதை வாங்கி இறந்தவர்களின் வழக்குகள் காலனிய நீதிமன்ற ஆவணங்களில் இருக்கின்றன. மலேரியாவால் மண்ணீரல் வீங்கியிருந்ததால்தான் செத்தார் என்று மருத்துவர் சாட்சி சொல்வதும், துரை சிறு தண்டனையோடு தப்பிப்பதும் அடிக்கடி நடந்தவை. தொலைவிலிருந்து இயக்குவது என்பதுதான் ரிமோட்டின் பொருள் என்றால், நம் நாட்டின் முதல் ரிமோட்டுகளில் ஒன்று வராந்தாவில் உட்கார்ந்திருந்த மனிதர்தான்.

அம்மாவுக்கு அன்று இன்னொரு கவலையும் இருந்தது. “ஒன்றரை டன்னாமே. இந்தச் செவுரு தாங்குமா பாப்பா?”

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வியில் தவறில்லை. டன் என்றால் எடைதான், இயந்திரத்தின் எடை இல்லை, பனிக்கட்டியின் எடை. அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி ஒரு முழு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவை ஒரு நாளில் வெளியேற்றும் இயந்திரம் ஒரு டன் ஏசி. அம்மாவின் சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் 1360 கிலோ பனிக்கட்டி தொங்குகிறது. பனிக்கட்டிதான் குளிர்ச்சி என்றிருந்த காலத்தின் அளவுகோல் அது.

அந்தக் காலத்தின் கட்டடம் ஒன்று சென்னைக் கடற்கரையில் இன்னும் நிற்கிறது. பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர், மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். 1840களில் சென்னையிலும் அதற்கொரு கிடங்கு எழுந்தது. ஐஸ் ஹவுஸ். வெள்ளைக்காரர்களின் கோப்பைக்கும் காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கும் பனி அங்கிருந்து போயிற்று. இங்கேயே பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் வந்ததும் வணிகம் படுத்தது. கட்டடம் கைமாறியது. 1897இல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். 1917இல் அரசு அதை வாங்கியது, சகோதரி சுப்புலட்சுமியின் விதவையர் இல்லத்துக்காக. பதினோரு வயதளவில் மணமாகி உடனே கணவனை இழந்தவர், 1911இல் பட்டம் பெற்றவர். தன்னைப் போன்ற குழந்தை விதவைகளை, தலை மழிக்கப்பட்டு இருட்டறையில் ஒதுக்கப்பட்ட சிறுமிகளை, அழைத்துவந்து அந்தக் கடல்காற்றில் படிக்க வைத்தார். ஆசிரியைகளாக வெளியே அனுப்பினார். கட்டடத்தின் இன்றைய பெயர் விவேகானந்தர் இல்லம். ஒன்பது நாள் தங்கியவரின் பெயர் நிலைத்தது. ஆண்டுக்கணக்கில் தங்கிப் படித்த பெண்களின் பெயரை அந்தப் பக்கம் போகும் பேருந்தில் எத்தனை பேர் சொல்வார்கள்?

பனிக்கட்டி போய் இயந்திரம் வந்தபோதும் அது மனிதருக்காக வரவில்லை. 1902இல் வில்லிஸ் கேரியர் தன் முதல் அமைப்பை வடிவமைத்தது நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கு. கோடையின் ஈரத்தில் காகிதம் உப்பி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. அதனால் காகிதத்துக்கு ஏற்ற காற்று வேண்டியிருந்தது. ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற சொல்லே 1906இல் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற துணியாலைப் பொறியாளர் உண்டாக்கியது. நூலைப் பதப்படுத்துவதுபோலக் காற்றைப் பதப்படுத்துவது என்ற பொருளில். நம் நூற்பாலைகளிலும் இதே கதைதான். நூல் அறாமல் இருக்க இவ்வளவு ஈரம் வேண்டும் என்று கணக்கிட்டுக் காற்றில் ஈரத்தை ஏற்றுகிறார்கள். அந்த ஈரத்தில் ஷிஃப்ட் முழுக்க நடக்கும் பெண்ணுக்கு எவ்வளவு ஏற்றது என்பது கணக்கில் வருவதில்லை. நெய்த துணி ‘குளுகுளு வசதி’ செய்த கடைக்கு வந்து சேர்ந்தால், அங்கும் குளிர் துணிக்கும் வாங்க வருகிறவருக்கும்தான். பத்து மணிநேரம் அதில் நிற்கும் விற்பனைப் பெண்களுக்கு உட்கார ஓர் இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். இருக்கைக்கே அவ்வளவு காலம் ஆனது. அந்தக் கடைகளில் ரிமோட் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

ரிமோட்டின் கதை தொலைக்காட்சியில் தொடங்குகிறது. 1950இல் ஜெனித் நிறுவனம் கம்பியோடு கூடிய ஒன்றை விற்றது. பெயர் ‘சோம்பேறி எலும்புகள்’ என்ற பொருளில் வரும். 1955இல் யூஜின் பாலி ஒளிக்கற்றையால் இயங்கும் ஒன்றைச் செய்தார். அடுத்த ஆண்டு ராபர்ட் ஆட்லர் காதுக்குக் கேட்காத ஒலியால் இயங்குவதைச் செய்தார். அகச்சிவப்பு ஒளி பின்னால் வந்தது. ஜன்னலில் பொருத்தும் பழைய ஏசிகளுக்கு இது தேவைப்படவில்லை. முகப்பிலேயே இரண்டு திருகுகள் இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுந்துபோய்த் திருகலாம். இயந்திரம் இரண்டாகப் பிரிந்து, உள்பாதி சுவரின் உச்சிக்கு ஏறியபோதுதான் ரிமோட் இல்லாமல் முடியாது என்றானது. திருகுக்கு உரிமையாளர் கிடையாது. ரிமோட்டுக்கு உண்டு. தலையணைக்கு அடியில், சட்டைப் பையில், மேலாளரின் மேசை இழுப்பறையில் அது தங்கும்.

எந்த எண்ணை அழுத்துவது என்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. அலுவலகங்களுக்கான வெப்பநிலைத் தரங்களுக்கு அடித்தளமாக இருப்பது டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர் உருவாக்கிய மாதிரி. அவருடைய நூல் 1970இல் வந்தது. உட்கார்ந்து வேலை செய்யும் உடல் எவ்வளவு வெப்பத்தை வெளியிடும் என்பது அதில் ஒரு முக்கிய எண். அந்த எண் 70 கிலோ எடையுள்ள, நாற்பது வயது ஆணின் உடலை வைத்து நிர்ணயிக்கப்பட்டது என்றும், பெண்களின் உடல் வெப்பத்தை அது 35 விழுக்காடு வரை கூடுதலாக மதிப்பிடக்கூடும் என்றும் 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கிங்மாவும் வான் மார்க்கன் லிக்டன்பெல்ட்டும் எழுதினார்கள். அவர்கள் அளந்தது 16 இளம்பெண்களைத்தான், சிறிய எண்ணிக்கை. 2019இல் பெர்லினில் 543 மாணவர்களை வெவ்வேறு வெப்பநிலை அறைகளில் தேர்வெழுத வைத்தார்கள். அறை வெதுவெதுப்பாக இருந்தபோது பெண்கள் கணக்கிலும் சொல் தேர்விலும் மேலாகச் செய்தார்கள்.

கருத்தரங்கக் கூடங்களில் நான் எத்தனையோ முறை பார்த்த காட்சிக்கு அப்போது விளக்கம் கிடைத்தது. முன்வரிசையில் கோட்டுப் போட்ட விருந்தினர்கள் வசதியாக இருப்பார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்தி, கைகளை அக்குளில் செருகி, ‘பெண்ணுடலும் அதிகாரமும்’ என்ற கட்டுரையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தத் தலைப்பில் பேசியபடி நானே நடுங்கியிருக்கிறேன். ரிமோட் எங்கே என்று கேட்கத் தோன்றியதில்லை.

ஆனால் பெண்ணுடல் என்றாலே குளிர் தாங்காது என்று எழுதி முடித்துவிட என் உடலே விடவில்லை. நாற்பத்தாறு வயதில் எனக்கு இரவுகள் மாறிவிட்டன. இரண்டு மணிக்கு மார்பிலிருந்து ஒரு தீ கிளம்பிக் கழுத்து, முகம், உச்சந்தலை என்று ஏறும். ஐந்து நிமிடத்தில் தலையணை நனைந்துவிடும். அடுத்த ஐந்து நிமிடத்தில் நடுக்கம். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, மூளையில் உடலின் சூட்டைக் காக்கும் பகுதி, சின்ன ஏற்றத்தைக்கூடப் பெருஞ்சூடாக எடுத்துக்கொள்கிறது. வியர்க்காமலும் நடுங்காமலும் இருக்கும் இடைவெளி குறுகிவிடுகிறது. என் அம்மாவுக்கும் இது வந்திருக்கும். பாட்டிக்கும், அந்த அடுப்பங்கரையில். ஒரு சொல் அவர்கள் பேசிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் ரிமோட் அவர் பக்கத்துத் தலையணைக்கு அடியில் இருந்தது. தூங்குகிறவரை எழுப்பி “ஏங்க, கொஞ்சம் குறைங்களேன்” என்று எத்தனை இரவு கேட்பது? எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன். ஒருநாள் ரிமோட்டை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன். “உனக்கென்ன, குளிர்னு சொல்வ, இப்ப சூடுன்ற” என்றார். ஆமாம், இரண்டும்தான். என் உடலுக்கு ஒரே எண் போதாது. அதனால்தான் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

குமராட்சியில் அன்று மாலை பிளாஸ்டிக் உறையைக் கழற்றி அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். முதலில் அம்மா ஒரு ரகசியம் சொன்னாள். தொடமாட்டேன் என்று சொன்னாலும் ஒருமுறை தொட்டிருக்கிறாள். போர்வைக்குள் படுத்தபடியே அழுத்தி 25 வரை ஏற்றியிருக்கிறாள். திரையில் 25 வந்தது, குளிர் குறையவில்லை. கெடுத்துவிட்டோம் என்று பயந்து மறுபடி 18க்கே இறக்கி, பீரோவின் மேல் வைத்துவிட்டாள்.

அவள் எதையும் கெடுக்கவில்லை. ரிமோட்டின் திரை, தான் என்ன சொன்னோம் என்பதைத்தான் காட்டும். இயந்திரம் என்ன கேட்டது என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் முனையிலிருக்கும் சிறு விளக்கு நொடிக்கு 38 ஆயிரம் முறை அளவில் துடிக்கும் அகச்சிவப்பு ஒளியால், எண், காற்றின் வேகம், முறை என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்புகிறது. பதில் வாங்க அதற்குக் காது கிடையாது. போர்வை மறைத்தால் செய்தி போகாது, திரை மட்டும் மாறும். இயந்திரம் கேட்டுக்கொண்டதற்கு அடையாளம் ‘டிங்’ என்ற ஓசை ஒன்றுதான். செல்பேசியின் கேமராவை ரிமோட்டின் முனைக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத விளக்கு செல்பேசித் திரையில் ஊதாவாக மினுக்கியது. அம்மா நாலைந்து முறை அழுத்திப் பார்த்தாள். “அப்ப நா சொன்னது அதுக்குக் கேக்கவேயில்ல” என்றாள்.

அடுத்தது 18. சீக்கிரம் குளிர வேண்டும் என்று தம்பி வைத்தது. பழைய வகை இயந்திரங்கள் 18 என்றாலும் 26 என்றாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். எங்கே நிறுத்துவது என்பதுதான் அந்த எண். இன்வெர்ட்டர் வகை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், அதற்கும் அறை குளிர்ந்த பிறகு 18இல் வேலையில்லை. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் தாமாகவே 24இல் தொடங்கும்படி வரவேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பதை மனப்பாடமாக வைத்திருக்கும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு உடனே பிடித்துவிட்டது. விரல் விட்டு எண்ணி, “இத ஏன் அவன் சொல்லல?” என்றாள்.

பிறகு ‘மோட்’. பொத்தானின் மேல் எல்லாம் ஆங்கிலம். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் அல்லவா, நான் கலைச்சொல் யோசிக்கத் தொடங்கினேன். அதற்குள் அம்மா படங்களைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டாள். பனித்துகள் படம் ‘பூ’. நீர்த்துளி ‘சொட்டு’. விசிறி ‘காத்தாடி’. பூ என்றால் குளிர். காத்தாடி என்றால் வெறும் காற்று. சொட்டு வைத்தால் காற்று மெதுவாகி ஈரத்தை இழுக்கும். கடல் பக்கத்து ஊர்களில், மழை விட்டும் விடாத ஐப்பசி கார்த்திகையில், பிசுபிசுப்பு மட்டும் தொல்லையாக இருக்கும்போது அதுவே போதும். என் இரவுகளுக்கும் சில நாள் அதுதான் உதவுகிறது. நிலா படம் தூக்கத்துக்கு: மணி ஆக ஆக எண்ணைத் தானே கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும். காற்று நேரே மேலே விழாமல் இருக்க, மடலை மேல்நோக்கி நிறுத்த ‘ஸ்விங்’. அதற்கு அம்மா வைத்த பெயர் ‘தலையாட்டி’.

இருட்டில் பொத்தான் தெரிய வேண்டுமே என்று என் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தேன். அம்மா அட்டையை வாங்கி, தானே ஒரு சிவப்புப் பொட்டை உரித்து அணைக்கும் பொத்தானில் ஒட்டினாள். ஏற்றும் பொத்தானுக்குப் பச்சை. அப்பா போன பிறகு அவள் பொட்டு அட்டையைத் தொட்டு நான் பார்த்தது அன்றுதான்.

நான் ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்துப் போன் செய்தாள். போர்வையைத் துவைத்துப் பரணில் ஏற்றிவிட்டாளாம். இருபத்தேழும் காத்தாடி ஒன்றும் சரியாக இருக்கிறதாம். விடியற்காலையில் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுகிறாளாம்.

“தம்பி பேசினானா?”

“நேத்து பேசினான். பதினெட்டுலதான வச்சிருக்க, கூலிங் நல்லா வருதாம்மான்னான்.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமான்னு சொல்லிட்டேன். புள்ள ஆசையா வாங்கிக் குடுத்தது, எதுக்கு அவன் மனச நோவடிக்கணும்?”